ஊரில் ஆறு பேருக்கு மாதச் சம்பளம்: யாழ்ப்பாணக் கிராமமொன்றில் சிறு உணவு உற்பத்தி நிலையம் தொடங்குவது எப்படி

ஊருக்கு வேலைவாய்ப்பு உண்டாக்க வேண்டும் என்று முன்வருபவர்களில் பலர் மெசினில் இருந்துதான் தொடங்குகிறார்கள். அரைக்கும் மெசின் வரும், காயவைக்கும் அடுப்பு வரும், மூன்று நாள் பயிற்சி நடக்கும், திறப்பு விழாவில் நாடா வெட்டுவார்கள். ஒரு வருடம் கழித்துப் போனால் கட்டடம் பூட்டிக் கிடக்கும். வேலை செய்ய வந்த பெண்களிடம் குறை இருப்பதில்லை. இந்த வேலையால் ஒருவருக்கு மாதத்தில் எத்தனை நாள் கூலி கிடைக்கும் என்ற கணக்கை யாரும் முதலில் போட்டுப் பார்க்காததுதான் காரணம். மாதத்தில் எட்டு நாள் வேலை கிடைத்தால் அது வேலைவாய்ப்பு ஆகாது. மற்ற இருபத்திரண்டு நாளும் அந்தப் பெண் வெங்காயத் தோட்டத்துக்கோ புகையிலைத் தோட்டத்துக்கோ கூலிக்குப் போகத்தான் வேண்டும். தோட்ட வேலை கூடும் காலத்தில் உங்கள் நிலையத்துக்கு வரமாட்டார்.

இந்த வழிகாட்டி பனங்கிழங்குப் பொருட்களும் கறித்தூளும் செய்யும் ஒரு சிறு நிலையத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஊரிலேயே கைப்பழக்கம் உண்டு, இரண்டுக்கும் வாங்க ஆள் உண்டு. வேறு பொருள் செய்பவர்களும் இதே ஒழுங்கில் போகலாம்.

முதலில் கணக்கு

ஒரு கொப்பியை எடுத்து இதை எழுதிப் பாருங்கள். கீழே உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு பேர், மாதம் 22 நாள், நாள் கூலி 1,500 ரூபா என்றால் மாதக் கூலி 1,98,000 ரூபா. அதற்கு மேல் முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் சேர்த்து 29,700 ரூபா. ஆக 2,27,700 ரூபா. எல்லாப் பொருளும் சேர்த்து மாதம் 600 கிலோ செய்கிறீர்கள் என்று வைத்தால் ஒரு கிலோவில் கூலி மட்டும் ஏறக்குறைய 380 ரூபா, 250 கிராம் பக்கெற்றில் 95 ரூபா.

600 கிலோ என்பது 2,400 பக்கெற். மாதத்தை முப்பது நாளாகப் பிரித்தால் நாளொன்றுக்கு 80 பக்கெற் விற்றாக வேண்டும். ஞாயிறும் பெருநாளும் மழைநாளும் சேர்த்துத்தான் இந்த 80. ஆறு பேருக்கு வேலை கொடுப்பது என்றால் உண்மையில் இதுதான். எந்தக் கடையில் எத்தனை, எந்தக் கோயில் திருவிழாவில் எத்தனை, கொழும்புக்கு எத்தனை என்று 80 ஐயும் பிரித்து எழுத முடியாவிட்டால் ஆறு பேரோடு தொடங்காதீர்கள். இரண்டு பேரோடு, நாளுக்கு 20 பக்கெற்றோடு தொடங்குங்கள். ஊருக்கு நல்லது செய்யும் அவசரத்தில் பத்துப் பேரைச் சேர்த்து, மூன்றாம் மாதம் சம்பளம் கொடுக்க முடியாமல் எட்டுப் பேரை நிறுத்துவது, சேர்க்காமலே விட்டதைவிடப் பெரிய பாதிப்பு. ஒரு தடவை ஏமாந்த குடும்பம் அடுத்த தடவை நீங்கள் கூப்பிட்டால் வராது.

அடுத்தது விலை போடுதல். பக்கெற் ஒன்றுக்கு மூலப்பொருள் 190, கூலி 95, பக்கெற்றும் லேபலும் 20, கரண்ட், போக்குவரத்து, சேதாரம் 35 என்றால் அடக்கம் 340 ரூபா. ஒதுக்கத்துக்குப் பத்து வீதம் வைத்தால் 375. கடைக்காரர் 20 வீதம் கழிவு கேட்கிறார். புதிதாக வருபவர்கள் 375 உடன் 20 வீதத்தைக் கூட்டி 450 என்று அச்சடிப்பார்கள். கடைக்காரர் 450 இல்தான் 20 வீதத்தைக் கழிப்பார். கைக்கு வருவது 360. பக்கெற்றுக்கு 15 ரூபா போய்விட்டது. 2,400 பக்கெற்றில் அது 36,000 ரூபா, ஆறு பேருக்கும் கட்டவேண்டிய சேமலாப, நம்பிக்கை நிதிப் பணத்தைவிடக் கூட. 375 ஐ 0.8 ஆல் பிரித்து 469 என்று எடுத்து, 470 ஆக விலை போடுவதே சரி. அந்த விலைக்குச் சனம் வாங்காது என்றால் குறைக்கவேண்டியது அடக்கம். கூலியில் கை வைக்க வேண்டாம். சேதாரத்திலும் மூலப்பொருள் வாங்கும் காலத்திலும்தான் பெரும்பாலும் இடம் இருக்கும்.

ஆண்டு முழுதும் வேலைக்கு எதைச் செய்வது

பனை தருவது பருவத்துக்குத்தான். பனம்பழம் ஆவணி, புரட்டாதியில் விழும். அப்போது பனாட்டுப் போடலாம் (பழக்களியைப் பரவிக் காயவைப்பது), கொட்டையைப் பாத்தி போடலாம். மாரி மழையில் பாத்தி வளரும். தை முதல் பங்குனி வரை கிழங்கு கிண்டி, ஒடியலும் (பச்சையாகக் காயவைத்த கிழங்கு) புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்தது) காயவைக்கும் காலம். அதற்குப் பிறகு சித்திரையில் இருந்து ஆடி வரை பனங்கிழங்கு வேலை இல்லை. இந்த இடைவெளிதான் பனம்பொருளை மட்டும் நம்பிய நிலையங்களை விழுத்துகிறது. கறித்தூளை இதற்காகவே சேர்த்திருக்கிறோம். செத்தல் மிளகாயும் மல்லியும் ஆண்டு முழுதும் கிடைக்கும், வெயில் காலத்தில் வேலை சுலபம், ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் திரும்பிப் போகும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் முதற்பொருளும் அதுதான். ஒடியலைச் சித்திரைக்குப் பிறகும் சிறிது சிறிதாக அரைத்து விற்றால் இரண்டு பேருக்கான நாள்கள் தொடர்ந்து நிற்கும்.

முருங்கையிலை, வறுத்த அரிசிமா, ஊறுகாய் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். முதல் ஆண்டு வேண்டாம். ஒவ்வொரு புதுப்பொருளும் புது லேபல், புதுச் சேதாரம், புது இருப்பு.

ஆளும் இடமும்

வேலைக்கு வருபவர்களில் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வரும் தாய்மார். குடும்பத்துக்கு உழைப்பவர் தாம் ஒருவராகவே இருக்கும் பெண்களும் இருப்பார்கள். காலை 8.30 இல் இருந்து 2 மணி வரை என்று நேரம் வைத்தால் ஆள் நிலைக்கும். மாலை 5 மணி வரை வைத்தால் முதல் மாதமே குறையும். நேரத்தைக் குறைத்தால் கூலிக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். நடந்து அல்லது சைக்கிளில் 15 நிமிடத்துக்குள் வரக்கூடிய இடம் வேண்டும். மலசலகூடம் பூட்டுப் போடக்கூடியதாக, தண்ணீரோடு, முதல் நாளே இருக்கவேண்டும்.

இடம் தேர்வதில் நம் ஊர்களில் வாய்விட்டுப் பேசாத ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தின் வளவுக்குள் நிலையத்தை வைத்தால் அந்த வளவுக்குள் வரக் கூச்சப்படுகிறவர்கள், வரவிடப்படாதவர்கள் யார் என்று பாருங்கள். சாதி இன்னும் கிணற்றடியிலும் குசினியிலும் நிற்கிறது. வேலை மிகவும் தேவைப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படி வெளியே நிற்கிறார்கள். வீதியோரமாக, சனசமூக நிலையத்துக்கோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ சொந்தமான பொதுக்காணியில் வைப்பதே நல்லது. தண்ணீர் அள்ளுவதற்கும் சாப்பிடுவதற்கும் எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு என்பதை முதல் நாளே நடைமுறையில் காட்டிவிடுங்கள். பின்னால் திருத்துவது கடினம்.

தனியார் காணி என்றால் உறுதியைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பல காணிகள் பங்குக் காணிகள். பங்காளிகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் பிரான்சில் இருப்பார். இங்கே இருக்கும் ஒருவர் வாயால் தந்த சம்மதத்தை நம்பிக் கட்டடம் போடக்கூடாது. மற்றவர்களின் அற்றோணித் தத்துவம் (அவர்கள் சார்பில் கையெழுத்திடும் எழுத்துமூல அதிகாரம்) வேண்டும். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டம்) உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்பதே நீண்டகாலச் சட்டம்; இன்றைய நிலையை நொத்தாரிசிடம் கேளுங்கள். குத்தகைக்கும் அதை வாங்கி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் எழுதுங்கள்.

தண்ணீரை மறக்காதீர்கள். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் நிற்பவை. தோட்டப் பசளையின் நைத்திரேற்றும், குழி மலசலகூடத்தின் அழுக்கும் கிணற்றுக்கு இலகுவில் வந்து சேரும், கரையோரத்தில் உவரும் ஏறும். கட்டடத்துக்குக் கல் பறிக்க முன்னரே கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

பதிவுகள், எந்த ஒழுங்கில்

முதலில் போகவேண்டியது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம். கட்டடம் கட்டி முடித்த பிறகு அவரைக் கூப்பிடுபவர்கள்தான் இரட்டைச் செலவு செய்கிறார்கள். படத்தை வரைந்துகொண்டு, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் அவரிடம் காட்டுங்கள். பொதுவாக அவர் பார்ப்பவை: கழுவக்கூடிய நிலமும் சுவரும், யன்னலுக்கு வலை, மேலிருந்து தூசி விழாத உட்கூரை, கைகழுவும் தொட்டி, உற்பத்தி அறைக்குள் நேரே திறக்காத மலசலகூடம், பச்சைப்பொருள் வரும் வாசலும் முடிந்த பொருள் போகும் வாசலும் வேறாக இருத்தல். வேலை செய்பவர்களின் மருத்துவப் பரிசோதனை பற்றியும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து வியாபாரப் பெயர்ப் பதிவு. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் செய்யலாம். அதன் பிறகு அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. பிரதேச சபையின் வியாபார உரிமமும் தேவை. அரைக்கும் மில் போடுவதானால் சூழல் பாதுகாப்பு உரிமம் பற்றியும் அங்கே விசாரியுங்கள். அயல்வீட்டுக்காரர் மிளகாய்த் தூசிக்கும் சத்தத்துக்கும் முறைப்பாடு கொடுத்தால் உரிமம் இல்லாத மில் உடனே நிற்கும். விற்பனைக்கு நிறுக்கும் தராசு ஆண்டுதோறும் முத்திரையிடப்பட வேண்டும்.

யார் பெயரில் பதிவது என்பதில் எங்கள் கருத்து: முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர் பொறுப்பெடுத்துப் பதியுங்கள். எல்லோரும் உரிமையாளர் என்று தொடங்கிய இடங்களில் கடைக்காரர் காசு தராதபோது யார் போய்க் கேட்பது என்ற கேள்விக்கே பதில் இருப்பதில்லை. ஆனால் இலாபத்தில் எத்தனை வீதம் வேலை செய்பவர்களுக்கு, எத்தனை வீதம் ஒதுக்கத்துக்கு என்பதை எழுத்தில் வைத்து, சங்கத்தின் கூட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வாசிக்கவேண்டும். விற்பனை நிலைத்த பிறகு கூட்டுறவுச் சங்கமாக மாற்றலாம்.

ஆலோசனைக்கும் பயிற்சிக்கும் போகக்கூடிய இடங்கள் உண்டு. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தொடங்கப்பட்டது. அதன் பனை ஆராய்ச்சி நிறுவனம் கைதடியில் இருக்கிறது. கைத்தொழில் அபிவிருத்திச் சபையும் பிரதேச செயலகத்தின் சிறுதொழில் உத்தியோகத்தர்களும் உதவுவார்கள். மானியம் தருவதாக யாராவது சொன்னால் மெசினைக் கேட்காதீர்கள். மூலப்பொருள் இருப்புக்கும் பக்கெற்றுக்கும் கேளுங்கள். மெசின்தான் தருவோம் என்றால் மோட்டாரின் வலுவைப் பாருங்கள். வீட்டு இணைப்பில் ஓடாத மூன்று கட்ட மோட்டாரை வாங்கி வைத்துவிட்டு, மின்சார இணைப்புக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

பாத்தியில் இருந்து பக்கெற் வரை

கிழங்கை வெளியில் வாங்கலாம். ஆனால் தையில் எல்லோரும் வாங்கும்போது விலை ஏறும், அளவும் ஒரே மாதிரி இராது. ஒரு பகுதியையாவது சொந்தப் பாத்தியில் எடுங்கள்.

பழம் பொறுக்குவதற்குப் பனை வளவுக்காரருடன் ஆடியிலேயே பேசி வையுங்கள். களி எடுத்த பின் ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். கொட்டையைத் தண்ணீரில் போட்டு மிதப்பவற்றை நீக்குங்கள். பாத்திக்கு இளக்கமான மணல் கலந்த மண் வேண்டும். நிலத்துக்கு மேலே இரண்டு, இரண்டரை அடி உயரத்துக்கு மண்ணை அணைத்து, மேலே கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மெல்லிய மண்ணால் மூடவேண்டும். கிழங்கு கீழ்நோக்கி இறங்குவதால் உயரம் குறைந்தாலோ அடியில் கல் இருந்தாலோ வளைந்தும் பிளந்தும் வரும். வளைந்த கிழங்கு தோல் உரிக்க இரட்டை நேரம் எடுக்கும், கூலி அங்கே போய்விடும். மழை தொடங்க முன் பாத்திக்குத் தண்ணீர் விடுங்கள். மாரியில் பாத்தியின் அடியில் வெள்ளம் நின்றால் கிழங்கு அழுகும். சுற்றிவர வாய்க்கால் வெட்டுவது அதற்குத்தான்.

கிண்டும் காலத்தைத் தவறவிடாதீர்கள். முளையின் ஓலை விரிந்து வெளியே வந்துவிட்டால் கிழங்கு தும்பு பற்றிவிடும். முற்றாத கிழங்கில் மாச்சத்துக் குறைவு, காய்ந்ததும் சுருங்கிக் குச்சியாகும். பாத்தியின் ஒரு மூலையில் நாலைந்தைக் கிண்டிப் பார்த்து, முறித்தால் வெள்ளையாகவும் மாவாகவும் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குள் கிண்டிவிடுங்கள். ஒரு நாளில் உரிக்கக்கூடிய அளவை மட்டும் அன்றன்று கிண்டுவது இன்னும் நல்லது.

ஒடியலுக்கு: கழுவி, தோல் உரித்து, இரண்டு நுனியையும் வெட்டி, நீளப்பாட்டில் இரண்டாகப் பிளந்து வெயிலில் பரவவேண்டும். புழுக்கொடியலுக்கு: தோல் உரித்துக் கழுவிய கிழங்கை உப்புத் தண்ணீரில் ஈர்க்கு ஏறும் பதம் வரை அவிக்கவேண்டும். கிழங்கின் பருமனைப் பொறுத்து முக்கால் மணி தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் போகும். ஆறியபின் பிளந்து, நடுவிலுள்ள தும்பை இழுத்து எடுத்து, ஒரே அளவான துண்டுகளாக்கிக் காயவைக்கவேண்டும். பெரியதும் சிறியதும் கலந்து பரவினால் சிறியது கல்லாகும்போது பெரியதின் உள்ளே ஈரம் நிற்கும். பூஞ்சணம் அந்த ஈரத்தில்தான் தொடங்கும்.

காயவைத்தல் மூன்று அடி உயரப் பந்தலில், நைலோன் வலைத் தட்டுகளில், மேலே மெல்லிய துணி அல்லது வலை போட்டு. நிலத்தில் பாய் விரித்தால் கோழியும் நாயும் தூசியும் வரும், கீழ்க்காற்றும் இல்லை. தை, மாசியில் பகல் வெயில் நன்றாக இருந்தாலும் இரவில் பனி கொட்டும். மாலை 4.30 மணிக்கு எல்லாவற்றையும் உள்ளே எடுத்து மூடிவிடுங்கள். வெளியில் விட்ட தட்டு முதல் நாள் வெயிலை முழுக்க இழந்துவிடும். தட்டுகளின் மேல் பொலித்தீன் கூடாரம் போடுவதானால் கீழே காற்று நுழையவும் மேலே ஈரக்காற்று வெளியேறவும் வழி விடுங்கள். காற்று வழி இல்லாத கூடாரம் கிழங்கைக் காயவைக்காது, அவிக்கும். நல்ல வெயில் என்றால் ஐந்து, ஆறு நாளில் முடியும். கையால் வளைத்தால் வளையாமல் டக்கென்று முறியவேண்டும்; முறிந்த முகத்தில் நடுப்பகுதி கருமையாகவோ ஈரமினுக்காகவோ இருக்கக்கூடாது.

முதல் 10 கிலோவை ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்து எழுதுங்கள்: வாங்கியபோது, உரித்தபின், காய்ந்தபின், அரைத்தபின். பச்சைக் கிழங்கில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். முடிவில் 3.5 கிலோ வந்தால் ஒரு கிலோ ஒடியலுக்கு ஏறக்குறைய 2.9 கிலோ கிழங்கின் விலை விழுகிறது. இந்த எண் தெரியாமல் விலை போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல.

ஒடியல் மாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பிட்டுக்கும் கூழுக்கும் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். கசப்புக்காக மட்டும் அல்ல. பச்சையாகக் காயவைத்த மாவில் உடம்புக்கு ஒவ்வாத பொருட்கள் இருப்பதை ஆய்வுகூட எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொழும்பிலும் வெளிநாட்டிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் தெரியாது. எனவே ‘மாவை ஊறவைத்து, தண்ணீரை வடித்து ஊற்றியபின் சமைக்கவும்’ என்று லேபலில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கறித்தூள்

தொடங்குவதற்கு ஒரு அளவு: செத்தல் மிளகாய் 10 கிலோ, மல்லி 10 கிலோ, மிளகு 1 கிலோ, பெருஞ்சீரகம் 1 கிலோ, நற்சீரகம் அரைக் கிலோ, வெந்தயம் அரைக் கிலோ, மஞ்சள் 300 கிராம், கறிவேப்பிலை. தென்மராட்சிக்கு ஒரு கைப்பக்குவம், தீவகத்துக்கு ஒரு கைப்பக்குவம். உங்கள் ஊரில் நன்றாகத் தூள் இடிப்பவர் என்று பெயரெடுத்த அம்மாவிடம் கேட்டு இந்த அளவை மாற்றுங்கள். ஆனால் மாற்றியதைக் கிராமில் எழுதி வையுங்கள். ‘கைக்கணக்கு’ என்று விட்டால் இம்முறை வாங்கியவர் அடுத்த முறை வேறு தூளை வாங்குவார். அதன்பின் வாங்கவே மாட்டார்.

நேரம் முழுதும் போவது மிளகாய்க் காம்பு உடைப்பதிலும் மல்லியில் கல், தூசி புடைப்பதிலும்தான். அதைச் சுருக்காதீர்கள். மிளகாயைக் கையால் பிளந்து பாருங்கள்: உள்ளே மஞ்சள்பச்சை, சாம்பல் அல்லது கறுப்புப் பூஞ்சணம் கண்டால் அதைத் தூக்கி எறியவேண்டும், வறுத்தால் சரியாகிவிடும் என்று விடக்கூடாது. சில பூஞ்சணங்கள் விடும் அஃப்ளாரொக்சின் ஈரலைப் பாதிக்கும் நஞ்சு, வறுக்கும் சூட்டில் முழுக்கப் போகாது. மலிவாக வரும் மூட்டைகளில்தான் இது கூட இருக்கும். மூட்டையின் வாயை மட்டும் பார்த்து வாங்காமல் நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியே, இரண்டு, மூன்று கிலோவாக, மெல்லிய நெருப்பில் வறுக்கவேண்டும். மிளகாய் வறுக்கும் இடத்தில் யன்னல் இரண்டு பக்கமும் திறந்திருக்க, வறுப்பவருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் கொடுங்கள். நாள் முழுதும் ஒருவரே வறுக்கக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவர் மாறவேண்டும். இருமலோடு வீட்டுக்குப் போகும் ஆள் அடுத்த மாதம் நிற்கமாட்டார், நிற்கச் சொல்வதும் நியாயம் இல்லை.

வறுத்தது முழுக்க ஆறியபின் அரையுங்கள். முதல் ஆண்டு சொந்த மில் வேண்டாம், ஊர் மில்லில் கூலிக்கு அரைத்தால் போதும். காலையில் முதல் ஆளாகப் போய், முன்னர் அரைத்ததின் மிச்சத்தைத் துடைத்துவிடச் சொல்லி, முதலில் விழும் அரைக் கிலோவை வேறாக எடுத்துவிடுங்கள். கச்சானோ உழுந்தோ அரைத்த மிச்சம் கலந்தால் அது ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து. அரைத்த தூள் சூடாகத்தான் வரும். அகன்ற தட்டில் பரவி முழுக்க ஆறவிட்டுப் பிறகே அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் பக்கெற்றுக்குள் வியர்த்துக் கட்டி பற்றும், மூன்று வாரத்தில் மணம் மாறும். திரும்பி வரும் பக்கெற்றுகளில் பெரும்பகுதி இந்த ஒரு பிழையால்தான்.

மேலே சொன்ன அளவின் கூட்டுத்தொகை 23.3 கிலோ. ஈரமும் காம்பும் தூசியும் போகக் கையில் 20 கிலோவுக்கு மேல் நிற்கவேண்டும். அது 80 பக்கெற், முதல் கணக்கில் பார்த்த ஒரு நாள் விற்பனை.

அடைத்தலும் லேபலும்

மெல்லிய பொலித்தீனில் மணம் ஒரு மாதம் நிற்காது. உள்ளே பளபளக்கும் பல அடுக்குப் பக்கெற்றை வாங்குங்கள். சீலரின் சூட்டை அதற்கேற்பச் சரிசெய்து, ஒட்டிய பக்கெற்றைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்துக் குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு நாளும் மூன்றையாவது சோதியுங்கள். ஒடியலை மாவாக்காமல் முழுதாக, மூடி இறுகிய கொள்கலனில் வைத்து, தேவைக்கு அரைப்பது நல்லது. முழு ஒடியல் உளுக்கத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும். மாவில் வண்டு பிறந்தால் வாங்கியவர்தான் முதலில் காண்பார்.

லேபலில் பொருளின் பெயர், தேறிய நிறை, கூடியதில் இருந்து குறைந்தது என்ற ஒழுங்கில் சேர்மானங்கள், தயாரிப்பவர் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உச்ச சில்லறை விலை ஆகியவை இருக்கவேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சடித்தால் வவுனியாவுக்கு அப்பாலும் விற்கலாம். அச்சடிக்க முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டுங்கள். பத்தாயிரம் லேபலை அடித்துவிட்டுப் பிழை கண்டுபிடிப்பதைவிட அது மலிவு. காலாவதியை ஊகத்தில் போடாதீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஆறு பக்கெற்றை அலுமாரியில் வைத்து மாதம் ஒன்றைத் திறந்து பார்த்தால் உங்கள் பொருள் எத்தனை மாதம் நிற்கும் என்று நீங்களே அறிவீர்கள்.

விற்பனையும் முதலும்

கடைகள் பெரும்பாலும் விற்றபின்தான் காசு தரும். 45 நாள் கடன் சாதாரணம். அதற்கு மேல் ஒரு மாதத்துக்கான மூலப்பொருளும் அறையில் இருக்கவேண்டும். ஆகவே மாதச் செலவின் இரண்டரை மடங்கு கையில் இருந்தால்தான் மூச்சு முட்டாது. முழு அளவில், 2,400 பக்கெற்றை 340 ரூபா அடக்கத்தில் செய்ய மாதம் 8,16,000 ரூபா. இரண்டரை மடங்கு 20 இலட்சத்துக்கு மேல். நாளுக்கு 20 பக்கெற் என்று தொடங்கினால் ஏறக்குறைய 5 இலட்சம். கட்டடத்துக்கும் மெசினுக்கும் எல்லாக் காசையும் போட்டுவிட்டு இந்தப் பணம் இல்லாமல் நிற்பவர்கள் வாரக்கடன் தரும் நுண்கடன் கம்பனிகளிடம் போகிறார்கள். கடையில் இருந்து காசு 45 நாளில் வரும், கடன் தவணை ஏழு நாளில் வரும். இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. வடக்கில் இந்தக் கடனால் பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை அரசாங்கம் பொறுப்பெடுத்துத் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. வெளிநாட்டில் இருந்து உதவ விரும்பும் உறவினருக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் நாங்கள் சொல்வது: கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைப்பதைவிட இந்தச் சுழற்சி முதலை வட்டியில்லாமல் இரண்டு ஆண்டுக்குக் கொடுப்பதே ஊருக்குச் செய்யும் பெரிய உதவி.

முதல் ஆறு மாதம் பத்துக் கடைக்கு மேல் போடாதீர்கள். திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி என்று ஒரே நாளில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ சுற்றக்கூடிய வட்டமாக எடுத்து, வாரம் ஒருமுறை நேரில் போய், விற்றதற்குக் காசு வாங்கி, பழையதை முன்னுக்கு எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு கடைக்கும் பற்றுச்சீட்டுக் கொப்பி வேறு. இரண்டு தடவை காசு இழுத்தடித்த கடைக்கு மூன்றாம் தடவை சாமான் இறக்காதீர்கள், கடைக்காரர் சொந்தக்காரராக இருந்தாலும். அதன்பின் கொழும்பில் வெள்ளவத்தை. பஸ் பார்சலில் அனுப்பலாம், ஆனால் அங்கே பொறுப்பான ஒருவர் இல்லாமல் வேண்டாம். ஏற்றுமதியை மூன்றாம் ஆண்டுக்கு வையுங்கள். ஒரு கொள்கலனுக்கு வேண்டிய அளவையும் ஆய்வுகூடச் சான்றையும் தொடர்ந்து கொடுக்க முடியாத நிலையில் கிடைக்கும் முதல் வெளிநாட்டு ஓடர் முழு நிலையத்தையும் கவிழ்த்துவிடும்.

கணக்குக்கு நாலு கொப்பி போதும்: மூலப்பொருள் வரவு, தொகுதி (எதை எவ்வளவு போட்டு எவ்வளவு வந்தது), கடைக் கடன், ஆள்வரவு. ஆள்வரவுக் கொப்பியில் மாத முடிவில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று கூட்டி எழுதுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து எல்லோருக்கும் 20 நாளுக்கு மேல் வந்து, கடைக் கடன் 45 நாளுக்குள் நின்றால் மூன்றாமவரைச் சேர்க்கலாம். பிறகு இன்னும் மூன்று மாதம், நான்காமவர். சித்திரை தொடங்கி ஆடி வரையான மாதங்களில் அந்த எண் 15 க்குக் கீழே இறங்கினால் புது ஆள் எடுப்பதை நிறுத்தி, தையிலும் மாசியிலும் ஒடியலைக் கூடுதலாகக் காயவைத்து இருப்பு வைக்கும் திட்டத்தை முதலில் போடுங்கள்.